அக்காவின் வார்த்தை பொய்த்த நாள்

என் அக்காவுக்குக் கருநாக்கு என்று வெளியே இருப்பவர்கள் சொல்வார்கள். எங்கள் சபையில் அதையே தீர்க்கதரிசன வரம் என்போம். இரண்டும் ஒன்றுதானே என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இப்போது கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவள். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவே இல்லை. அதனால் அவளைப் போகச் சொல்லவும் ஆளில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் ஆலையில் இருபது வருடமாக அவளுக்கு ரோலர் மெஷினில் வேலை. வெளுத்த விரிப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது என் வேலை.

ரோலர் என்றால், ஒன்றின் மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு பெரிய உருளைகள். கொதிக்கிற சூடு. ஈர விரிப்பின் இரண்டு நுனிகளை இரண்டு பெண்கள் பிடித்து, உதறி, இழுத்து, அந்த உருளைகளின் வாயில் கொடுக்க வேண்டும். மறுபக்கம் மொடமொடவென்று காய்ந்து வரும். வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் மெஷின் அந்த நொடியே நின்றுவிடும். நிற்க வேண்டும்.

பதினோரு வருடமாக விரிப்பின் மறுநுனியைப் பிடித்தவள் குள்ளம்மா. ஒரு பலகை மேல் ஏறி நின்றால்தான் அவளுக்கு மெஷின் எட்டும். ஆலையில் வைத்த பெயர் சபைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். வரம் என்று அவளுக்கு ஒன்றும் கிடையாது. பாடினால் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் நகர்ந்து உட்காருவார்கள். ஜெபிக்கச் சொன்னால் நாலு வார்த்தையில் முடித்துவிடுவாள். ஆனால் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், வேலை முடிந்த கையோடு அங்கே போய் நிற்பாள். பாத்திரம் கழுவுவாள், படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் போட்டு முதுகு துடைத்துவிடுவாள். அதை வரம் என்று நாங்கள் யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

சபை கூடுவது ஒரு டயர் கடையின் மாடியில். பாஸ்டருக்குப் பின்னால் சுவரில் நீல பெயிண்ட்டில் ‘அன்பு’ என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். அதன் கீழே நின்றுதான் அக்கா வார்த்தை சொல்வாள். எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எச்சரிப்பின் வார்த்தை யார் மேல் வருகிறதோ, அவருக்கு நாற்பது நாள். அதுவரை அவர் வீட்டுப் படி ஏறமாட்டோம். கர்த்தர் கை வைக்கிற இடத்தில் மனுஷன் கை வைக்கக் கூடாது என்பார் பாஸ்டர். வார்த்தை நடந்துவிட்டால், நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே ‘நிறைவேறியது’ என்று எழுதி சபையில் வாசிக்க வேண்டும். நோட்டு என் பொறுப்பு. அக்கா சொன்னதில் பதினாறு நிறைவேறியிருந்தது. அதை வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரும், பொய் சொல்லமாட்டேன்.

பதினாறாவது ஒரு காவல்காரர். தனியாக இருந்தவர். “பூட்டின கதவுக்குப் பின்னால ஒரு அழுகைச் சத்தம் கேக்குது” என்று அக்கா அவரைப் பார்த்துச் சொன்னாள். மனிதர் வெலவெலத்துப் போனார். இருபத்தேழாம் நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். சபைக்கு வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் போகவில்லை. மூன்றாம் நாள் குள்ளம்மாதான் பொறுக்கமாட்டாமல் கதவை உடைக்க வைத்தாள். அவர் இறந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் நோட்டை வாசித்து முடித்ததும் குள்ளம்மா எழுந்தாள்.

“ரெண்டு நாள் உயிரோட கிடந்திருக்காரு. கதவுல நகக்கீறல் இருக்கு, நான் பாத்தேன்” என்றாள். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். “உனக்குத் தெரியும்னு சொன்னியே. தெரிஞ்சும் ஏன் போகல? தினமும் அந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டுதான உக்காந்திருக்கோம்? அங்க எழுதியிருக்கறது இல்லாம இந்த வரத்த வச்சு என்ன பண்றது?”

அக்காவின் கழுத்து நரம்பு துடித்ததைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். பதினாறு வார்த்தையில் ஒருவரும் அவளை எதிர்த்துப் பேசியதில்லை.

மூன்றாம் வாரம் வார்த்தை வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “நம்ம நடுவுல எதுத்து நின்ன ஒருத்தியோட கையப் பாக்குறேன். வெந்து நசுங்கின கை. நாப்பது நாளுக்குள்ள.”

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எல்லோரும் குள்ளம்மாவைப் பார்த்தார்கள். அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் பெஞ்சில் அவள் மட்டும்தான். அவள் நீட்டிய பாட்டுப் புத்தகத்தைக்கூட ஒருவரும் வாங்கவில்லை. ஆலையில் மட்டும் அக்காவால் விலக முடியாது. விரிப்புக்கு இரண்டு நுனி உண்டே. எட்டு மணி நேரம் எதிரெதிரே நின்று, ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு, அக்கா பேசவே மாட்டாள். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகும்போதெல்லாம் என் கண் முதலில் குள்ளம்மாவின் விரல்களுக்குத்தான் போகும். பத்தும் இருக்கும். எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல ஆசை. இல்லை. இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணினேன்.

குள்ளம்மா மட்டும் வாயை மூடவில்லை. “ஏண்டி, கை போறதுக்குள்ள ஒரு தடவ என் மூஞ்சியப் பாத்துப் பேசேன். கை போனா மூஞ்சியும் போயிடுமா என்ன?” என்று சிரிப்பாள். அக்கா அடுத்த விரிப்பை உதறுவாள்.

முப்பத்தைந்தாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். நெருப்பாய்க் கொதித்தது. சபைக்குச் சொல்லி அனுப்பினேன். பாஸ்டர் போனிலேயே ஜெபித்துவிட்டு வைத்துவிட்டார். சாயங்காலம் கதவைத் தட்டியது குள்ளம்மா. என்னைக் கேட்கவில்லை. நேராக உள்ளே போனாள், வாளியில் தண்ணீர் பிடித்தாள், துணியை நனைத்துப் பிழிந்து அக்காவின் நெற்றியில் போட்டாள். மூன்று நாள் இப்படி. மூன்றாம் நாள் சிக்குப் பிடித்த தலையை மடியில் வைத்து வாரிவிட்டாள். அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள் என்று நினைத்தேன். இல்லை, திறந்துதான் இருந்தது. துணியைப் பிழிகிற அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குள்ளம்மா போனதும் என்னைக் கூப்பிட்டாள். “தம்பி, அந்தக் கம்பி.”

“எந்தக் கம்பி?”

“ரோலர்ல இருக்கற தடுப்புக் கம்பி. ஸ்பிரிங் போயிடுச்சு. அவ நிக்கற பக்கம் அமுக்கினா மெஷின் நிக்கறதில்ல. வார்த்த சொல்றதுக்கு நாலு நாள் முன்னாடியே கவனிச்சுட்டேன்டா.”

“அப்ப நீ பார்த்த தரிசனம்?”

“இந்தக் கண்ணாலதான் பாத்தேன். பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லல. ஞாயித்துக்கிழம கண்ண மூடினேன், அதுவே வந்துச்சு. கர்த்தர் காட்டினாரா, என் வயித்தெரிச்சல் காட்டிச்சா, எனக்கே தெரியல. முப்பத்தேழு நாளா அவ அந்தப் பக்கம் நின்னு துணி குடுக்கறா. நான் இந்தப் பக்கம் நின்னு காத்துக்கிட்டிருக்கேன்.”

இங்கே நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். “இன்னும் மூணே நாள்தான் அக்கா. பேசாம இரு. மூணு நாள்ல எதுவும் நடக்காமயும் போகலாம். நீயா போய்ச் சொன்னா உன் பேரு என்ன ஆகும்?” என்றேன். கூடப்பிறந்தவன் பேசுகிற பேச்சா அது? ஆனால் பேசினேன்.

“நடக்கலன்னா என் வார்த்த பொய்யாகும். நடந்தா அவ கை போகும்” என்றாள் அக்கா. “நான் எதுக்காகடா வேண்டிக்கிட்டிருக்கேன்?”

மறுநாள் காய்ச்சலோடு எழுந்து என் வண்டியிலேயே ஆலைக்கு வந்தாள். குள்ளம்மா பலகை மேல் ஏறி முதல் விரிப்பை எடுத்திருந்தாள். அக்கா போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள். ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் கம்பியைக் காட்டினாள். அவர் நம்பவில்லை. ஒரு விளக்குமாற்றுக் கட்டையை எடுத்து உருளைகளுக்கு நடுவில் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் கம்பியை அமுக்கினார். மெஷின் நிற்கவில்லை. கட்டை படபடவென்று நொறுங்கிக்கொண்டே உள்ளே போனது. தீய்ந்த வாடை வந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் நின்றது. குள்ளம்மா தன் கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள். அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

“உனக்கு எப்ப தெரியும்?” என்று அக்காவைக் கேட்டாள்.

“முதல்லருந்தே.”

குள்ளம்மா அன்றைய வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாற்பது நாள் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. சபை நிரம்பி வழிந்தது. குள்ளம்மா தன் காலிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள், பத்து விரலோடு. அக்கா சுவருக்குக் கீழே போய் நின்றாள். “நான் சொன்னது பொய். கம்பி உடஞ்சிருக்குன்னு தெரிஞ்சு, மறச்சு, அதத் தேவ வார்த்தைன்னு சொன்னேன். என்ன மன்னிச்சிருங்க. காவல்காரர் விஷயத்துலயும் எனக்குப் பங்கு இருக்கு. இனிமே நான் இங்க நின்னு பேசமாட்டேன்.”

ஒரு பெண்ணின் கை தப்பித்திருக்கிறது. ஒருவர் வாயிலிருந்தாவது ‘ஸ்தோத்திரம்’ என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏமாந்துபோன முகங்கள்தான் இருந்தன. கை போயிருந்தால் கண்ணீர்விட்டுத் துதித்திருப்பார்கள். எனக்கு அப்போதுதான் எங்களைப் பார்த்தே பயம் வந்தது.

கீபோர்டு வாசிப்பவரின் மனைவி எழுந்தாள். இதுவரை வார்த்தை சொல்லாதவள். கண்ணை மூடினாள், உடம்பு ஆடியது. “கர்த்தரோட பேர விளையாட்டாக்கின ஒரு வாயப் பாக்குறேன். அடஞ்சுபோன வாய். நாப்பது நாள்.”

கூட்டம் மூச்சை இழுத்துவிட்டது. பழைய இடத்துக்கு எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது போல ஒரு நிம்மதி. “எழுதுங்க பிரதர்” என்றார் பாஸ்டர். நான் எழுதினேன். என் கூடப்பிறந்தவளுக்கு எதிராக, என் கையால், தேதி போட்டு எழுதினேன். பழக்கம்தான், வேறென்ன சொல்ல?

சாயங்காலம் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கதவு தட்டும் சத்தம். குள்ளம்மா, கையில் ஒரு துணிப்பை.

“கோவம் இன்னும் போகல” என்றாள் என்னிடம். “போகவும் நாளாகும். ஆனா அவரு கதவுல கீறல் போட்டது எனக்கு இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு. நாப்பது நாளைக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வந்திருக்கேன். எங்க வைக்கட்டும்?”

பையை வாங்கி அக்காவின் கட்டில் பக்கத்தில் வைத்தேன். நோட்டை அன்றே பாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு ஒருவர் எழுதுகிறாராம்.

இன்று ஒன்பதாம் நாள். அக்காவுக்குக் காய்ச்சல் திரும்ப வந்திருக்கிறது; குள்ளம்மா துணி நனைத்துப் போடுகிறாள். சபையிலிருந்து யாரும் படி ஏறவில்லை. தெருமுனையில் நின்று எங்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். நானும் நாள் எண்ணியவன்தானே.