ரீச்சரின் காரில் இருந்த பழைய போல்ட்

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பேய், ஜின் என்று யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். ஏறாவூரில் கராஜ் வைத்திருக்கிறேன், ஸ்டியரிங் வேலை என்றால் வாழைச்சேனையில் இருந்தும் என்னைத் தேடி வருவார்கள், பெருமைக்குச் சொல்லவில்லை, வருவார்கள். வாகனத்தில் ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு இடம் இருக்கும், இடத்தைப் பிடித்தால் சத்தம் நிற்கும், இதற்கு மேல் உலகத்தில் ஒன்றும் இல்லை என்று இருந்தவன்.

செங்கலடியில் இருந்து ஒரு ரீச்சர் காரைக் கொண்டு வந்தார். புருஷன் காலமாகி ஒரு வருஷம் இருக்கும், அவருடைய கார்தான் அது, அதில்தான் தினமும் கரடியனாற்றுப் பக்கம் படிப்பிக்கப் போய் வருகிறார். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் கடக், கடக் என்று ஒரு சத்தம். வேறொரு கராஜில் முன் சில்லுப் பக்கத்துச் சாமான்களை எல்லாம் மாற்றியும் போகவில்லையாம்.

"தம்பி, ஓடக்குள்ள ஸ்டியரிங் கழண்டு போயிருமோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார்.

"பயப்படாதீங்க ரீச்சர். உள்ளுக்க இருந்து ரெண்டு பக்கமும் திருப்புங்க, நான் பாக்கன்" என்றேன்.

எல்லோரும் இந்தச் சத்தத்தைச் சில்லில் தேடுவார்கள், பிழை அங்கேதான். நான் டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, ஸ்டியரிங் தண்டு முடிகிற இடத்தில் இருக்கிற ஜொயின்டில் விரலை வைத்தேன். அவர் திருப்பத் திருப்ப அது விரலில் வந்து இடித்தது, தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. புதியது போட்டேன். அந்த ஜொயின்டைத் தண்டோடு பிடித்து வைத்திருப்பது ஒரேயொரு போல்ட், அது போனால் ஸ்டியரிங் சும்மா சுற்றும், சில்லு கேட்காது. அதனால் போல்டும் புதிதாகப் போட்டு, இறுக்கி, போல்டின் தலையில் இருந்து ஜொயின்டுவரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தேன். போல்ட் இளகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும், இது என் பழக்கம். சத்தம் அத்தோடு நின்றது.

கழற்றின பழைய சாமானை வாகனக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாற்றாமலே மாற்றினேன் என்கிறான் என்று ஊரெல்லாம் கதை வரும். ஆகவே பழைய போல்டைப் பழைய ஜொயின்டிலேயே கையால் பூட்டி, பேப்பரில் சுற்றி நூலால் கட்டி மேசையில் வைத்தேன். ரீச்சர் சந்தோஷத்தில் அதை எடுக்காமலே போய்விட்டார்.

சில நாள் கழித்து, மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேன், நல்ல வெயில், மேசையில் இருந்து கடக் என்றது. எலி என்று நினைத்தேன். திரும்பவும் கடக், கடக். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? போய்ப் பார்த்தால் நூல் நான் கட்டினபடியே இருக்கிறது, அவிழ்த்தால் ஜொயின்ட் இருக்கிறது, போல்டைக் காணவில்லை.

பயந்துவிட்டேன், சொல்ல வெட்கமில்லை. பேய்க்குப் பயந்தல்ல. மாறிப் பழைய போல்டைக் காரில் பூட்டிவிட்டேனோ என்றுதான். அதன் புரி தேய்ந்தது, எந்த நேரமும் கழலும், லொறிகள் பறக்கிற பதுளை ரோட்டில் அந்த மனுசி என் வார்த்தையை நம்பி ஓடுகிறார். ஃபோன் எடுத்தேன், பதில் இல்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

நான் போய்ச் சேரும்போது பள்ளிக்கூடம் விட்டு, ரீச்சர் மரத்தடியில் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். குறுக்கே போய் நின்றேன்.

"என்ன தம்பி, இந்த வெயிலுக்க?"

"ஒருக்கா இறங்குங்க ரீச்சர், மறுகா சொல்றன்."

குனிந்து பார்த்தேன். நான் பூட்டின புதுப் போல்ட் கால்மிதியில் கிடந்தது, தலையில் வெள்ளைக் கோட்டின் ஒரு பாதி. மற்றப் பாதி ஜொயின்டில் அப்படியே இருந்தது. நடுவில் பூட்டியிருந்தது துருப்பிடித்த பழைய போல்ட். ஸ்பேனர் வைத்து முழுப் பலத்தையும் போட்டேன், மயிரளவும் அசையவில்லை.

"காரை வேற ஆரும் தொட்டாங்களா?"

"இல்லையே தம்பி. ஆர் தொடுற?"

இரண்டையும் காட்டினேன். குனிந்து பழைய போல்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அவர் அப்பிடித்தான்" என்றார். "ஆர் பூட்டிக் குடுத்தாலும் வீட்ட வந்து தானொருக்கா முறுக்கிப் பாத்தாத்தான் அவருக்கு நித்திரை வரும்." சிரித்தார், சிரித்தபடியே அழுதார். எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். நான் இறுக்கினது தானாகக் கழலாது, இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். செத்த மனுசன் என் வேலையை நம்பவில்லை என்றால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

என் மனைவி ஜின் வேலை என்று தண்ணீர் ஓதித் தெளித்தாள். நீங்கள் நான் போல்டை மாற்றிப் பூட்டிவிட்டேன் என்றுதான் நினைப்பீர்கள், நினையுங்கள், அந்தப் பெயின்ட் கோட்டுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு நினையுங்கள்.

பழைய போல்டை மாற்ற ரீச்சர் விடவில்லை. இப்போது பயமில்லாமல் ஓட்டுகிறார், ஒரு சத்தமும் இல்லை. ஒயில் மாற்ற வரும்போதெல்லாம் நான் குனிந்து பார்ப்பேன். போல்ட் முழுக்கத் துரு, தலையின் விளிம்புகள் மட்டும் அன்று காலையில்தான் யாரோ ஸ்பேனர் வைத்து எடுத்தது மாதிரிப் பளபளவென்று இருக்கும். வீட்டில் ஸ்பேனர் ஏதும் இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். புருஷனுடைய ஸ்பேனர்கள் இருந்த ஆயுதப் பெட்டியைச் செத்த வீடு முடிந்த கையோடு அவருடைய தம்பி கொண்டுபோய்விட்டாராம்.