சவுரிமுத்துவின் புஜம்

பொழிச்சலூரில் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் சவுரிமுத்து. மாடியேறி வைத்தால் மட்டும் தீராது. மூடியின் ‘சீல்’ கிழித்து, மூச்சைப் பிடித்து, ஒரே திருப்பில் கேனை டிஸ்பென்சர் மேல் கவிழ்த்தும் கொடுக்க வேண்டும். யார் போட்ட சட்டமோ! வாசலில் வைத்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

அப்படிக் கவிழ்க்கும்போதுதான் ஒருநாள் வலது தோளுக்குள் ‘டொப்’பென்று ஏதோ அறுந்தது. கண் இருட்டியது. வலி கொஞ்சம் அடங்கிப் பார்த்தால், புஜத்துச் சதை கீழே இறங்கி எலுமிச்சம்பழம் கணக்காகத் திரண்டிருந்தது.

அதைப் பார்த்து எல்லாரும் பூரித்ததுதான் கொடுமை. “ஜிம்முக்குப் போறீங்களா அண்ணா?” என்றாள் மூன்றாம் மாடி சுஜி. மனைவி பேபிக்கோ தலைகால் புரியவில்லை. “எங்க வூட்டுக்காரர் கையப் பாத்தியா? கல்லு மாதிரி கீது!” என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

பம்மல் டாக்டர்தான் உடைத்துச் சொன்னார். “இந்தச் சதை தோள்ல ரெண்டு தலையா ஆரம்பிச்சு, முழங்கைக்குக் கீழ ஒண்ணா முடியுது. கையை மடக்குறது, உள்ளங்கையை மேல் பக்கமா திருப்புறது இதோட வேலை. உங்களுக்கு ஒரு தலையோட நார் அறுந்துபோச்சு. பிடிப்பு போனதால சதை சுருண்டு நிக்குது. இது பலம் இல்லைங்க. கொஞ்ச நாள் எதையும் தூக்காதீங்க. இடது கைக்கு மாத்தவும் வேணாம், அதுவும் தேஞ்சுதான் இருக்கும்.”

ஏஜென்சிக்காரன் ஜெயவேலுவிடம் லீவு கேட்டார். அவன் புஜத்தைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான். “இன்னாண்ணா, இந்தக் கைய வெச்சிகினு வலின்றியே, நாயமா? நின்னுட்டா லைன வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

லைன் போனால் அடுப்பு எரியாது. என்ன செய்வார் மனுஷன்? வலியைவிட, அதை யாரும் நம்பாததுதான் அவரை ஓய்த்துப் போட்டது. பேபியிடம்கூடச் சொல்லவில்லை. பாவம், அவளுக்கும் பெருமைப்பட வேறு என்ன இருந்தது? இடது கையால் கவிழ்க்கப் பழகிக்கொண்டார்.

கோடை முடிவதற்குள், சுஜி வீட்டிலேயே, இடது தோளிலும் அதே ‘டொப்’. கேன் நழுவி ஹாலெல்லாம் தண்ணீர். பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்கினார்.

வீட்டில் சட்டையைக் கழற்ற முடியாமல் நின்றார். பேபி கழற்றிவிட்டாள். இரண்டு புஜத்தையும் தொட்டுப் பார்த்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ஐயே, இப்போ ரெண்டும் ஒரே மாதிரி கீதே!”

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“கொஞ்சம் தண்ணி குடு பேபி,” என்றார். “டம்ளர நீயே புடிச்சிக்கோ.”

அப்போதுதான் அவள் கை அந்தச் சதையை விட்டது.