பன்வில டொக்டர் இறந்துபோன புதன்கிழமை

கண்டி வாவிக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் மேல்மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்ப டொக்டர்கள் மூன்று பேர் கூடுவோம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகளைப் பிரித்துக்கொண்டபோது சாதாரண உறுப்பினர் என்று யாரும் மிஞ்சவில்லை. அதனால் எந்தத் தீர்மானமும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. நிறைவேற்றத்தான் ஆளில்லை.

தலைவர் பன்வில டொக்டர். அறுபது தாண்டியவர், அங்குள்ள தேயிலைத் தோட்டமொன்றிலேயே பிறந்தவர். இருமலுக்கு மருந்து எழுதினாலும் தேர்தல் மேடையில் பேசுவதுபோல்தான் பேசுவார். செயலாளர் கடுகண்ணாவை டொக்டர், எங்கள் மூவரில் இளையவர், முஸ்லிம். லெப்டொப் இல்லாமல் தேநீர்கூடக் குடிக்க மாட்டார். பொருளாளர் நான். கெலிஓயாவில் டிஸ்பென்சரி. பிறந்தது யாழ்ப்பாணம். கலியாணம் கட்டி இந்தப் பக்கம் வந்து எவ்வளவோ காலமாகியும் என் பேச்சு மட்டும் இன்னும் ஆனையிறவைத் தாண்டவில்லை.

எங்களைச் சேர்த்தது ஒரே கவலை. பிரஷர் இருப்பதே தெரியாமல் நடமாடும் மனிதர்களை, வாய் கோணி, கை விழுந்த பிறகுதான் ஓட்டோவில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பன்விலையில் கொழுந்து பறிக்கிறவர், கடுகண்ணாவையில் கடை வைத்திருக்கிறவர், கெலிஓயாவில் பாடசாலை அதிபர், எல்லாரும் அப்படித்தான். முன்கூட்டியே கண்டுபிடித்தால் என்ன என்று பன்விலச் சனசமூக நிலையத்தில் ஒரு பரிசோதனை முகாம் வைத்தோம். ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் சொன்னோம். அன்றைக்கு உள்ளே வந்த ஒரே ஆள், வத்தேகம பஸ் போய்விட்டதா என்று விசாரிக்க வந்தவர். அவரையாவது பிடித்து இருத்தலாம் என்று கடுகண்ணாவை டொக்டர் எழும்பினார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அடுத்த மாதக் கூட்டத்தில் கடுகண்ணாவை டொக்டர்தான் புது யோசனை சொன்னார். "நாம ஒவ்வொருத்தரும் நம்மட கூட்டுக்குள்ள இருந்து பாக்கிறம். ஒருநாள் கதிரைய மாத்துவம். மத்தவர்ர ஆக்களப் பாத்தாத்தான் எங்க பிழை எண்டு விளங்கும்."

எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. புதன்கிழமை நான் பன்விலைக்கு, பன்வில டொக்டர் கடுகண்ணாவைக்கு, கடுகண்ணாவை டொக்டர் கெலிஓயாவுக்கு.

அந்தப் புதன்கிழமை எனக்கு நல்ல தடிமன், இருமலும் கூடவே. மலையேறி வந்து இறங்கும்போது கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. வெள்ளைச் சல்வார் போட்டிருந்தேன். பன்வில டொக்டர் விடியவே புறப்பட்டிருந்தார். மருந்து கட்டும் பெண்ணையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார், அவள் இல்லாவிட்டால் அவருக்கு மூக்குக் கண்ணாடி அகப்படாது. மனைவி கொழும்பில் மகள் வீட்டில். ஆகவே கதிரை மாற்றத்தை ஊருக்கு விளக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

முதலாவதாக ஒரு அம்மா கதவடியில் வந்து எட்டிப் பார்த்தார்.

"டொக்டர் ஐயா இல்லீங்களா?"

"அவர் விடியவே போயிட்டார் அம்மா. இனி நான்தான்..." என்றேன். இருமல் வந்துவிட்டது. 'இண்டைக்கு மட்டும் பாப்பன்' என்பது மிச்ச வசனம். இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அந்த அம்மா அங்கே இல்லை. வெளியில் இருந்து, "ஐயோ, எங்க ராசா போயிட்டாரே!" என்று ஒரு குரல் எழும்பியது.

நான் வெளியே ஓடுவதற்குள் வாசலில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னால் நின்றவர் ஓட்டோ ஸ்டாண்டின் தலைவர். பெரிய மீசை, ஊரில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்கிற மனிதர். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

"அவர் சாகேல்லை. கடுகண்ணாவையில நிக்கிறார்" என்றேன்.

"கடுகண்ணாவையிலயா நடந்துச்சு?"

"ஒண்டும் நடக்கேல்லை. அங்க ஒரு டிஸ்பென்சரியில இருக்கிறார்."

"அங்கதான் வச்சிருக்காங்களா. எத்தன மணிக்குங்க கொண்டு வர்றாங்க?"

"ஒருத்தரும் கொண்டு வரத் தேவையில்லை. பின்னேரம் தானா வருவார்!"

ஓட்டோத் தலைவர் என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "பின்னேரம் வருதாம்" என்றார்.

வாயைத் திறந்தால் மோசமாகிறது என்று விளங்கியது. அவரையே பேசவைத்தால் முடிந்தது என்று பன்வில டொக்டருக்கு அழைத்தேன். மேசை லாச்சிக்குள் முருகன் பாட்டு ஒன்று சத்தமாகப் பாடத் தொடங்கியது. போனை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். யன்னலால் அதைக் கேட்டவர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

அடுத்து, என் டிஸ்பென்சரியில் இருந்த கடுகண்ணாவை டொக்டருக்கு எடுத்தேன். "பன்வில டொக்டர் செத்திட்டார் எண்டு..." என்று தொடங்கினேன்.

"இன்னாலில்லாஹி..." என்றார் அவர். குரல் உடைந்துவிட்டது.

"இல்லை, இல்லை! அவர் உயிரோடதான் இருக்கிறார்!"

"அப்ப என்னத்துக்கு கோல் எடுத்தீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். தன் டிஸ்பென்சரிக்கு அழைத்து அவரை உடனே அனுப்புவதாகச் சொன்னார். அப்படியே செய்தும் இருக்கிறார். ஆனால் போனை எடுத்த உதவியாளர், டொக்டர் உள்ளே நோயாளியோடு இருக்கிறார், இப்போது பேச முடியாது என்றிருக்கிறார். "பன்விலையில டொக்டர் செத்துட்டதா கதை பரவியிருக்கு. உள்ள போய் அவர்ட்ட அதைச் சொல்லுங்க" என்று சிங்களத்தில் விளக்கியிருக்கிறார் நம்மவர். உதவியாளர் பண்பான மனிதர். வயதான ஒருவரின் முகத்தைப் பார்த்து நீங்கள் செத்துவிட்டதாகக் கதை என்று எப்படிச் சொல்வது? அவர் அதை நாகரிகமாகச் சுருக்கி, "பன்விலையில் டொக்டர் காலமாகிவிட்டாராம். உடனே வரட்டாம்" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பன்விலையில் இருந்த டொக்டர் நான்.

இது ஒன்றும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், டிஸ்பென்சரி வாசலில் தகரப் பந்தல் எழும்பியதும், பிளாஸ்டிக் கதிரைகள் வந்து இறங்கியதும், வீதி நெடுக வெள்ளைக் கொடி பறந்ததும்தான். மத்தியானத்துக்குள் கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் வந்தது. கோயில் திருவிழாவில் மாலை போட்டு எடுத்த படம், வாயெல்லாம் சிரிப்பு. 'ஏழைகளின் இதயத்துடிப்பு நின்றது' என்று மேலே பெரிய எழுத்தில். தோட்டத்தில் இருந்து சாவு மேளம் அடிக்கிற தப்புக்காரர்கள் வந்து வீதியோரம் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சத் தொடங்கினார்கள். எனக்கு யாரோ சீனி நிறையப் போட்ட பிளேன்டீ கொண்டுவந்து, "அழுவாதீங்கம்மா, தைரியமா இருங்க" என்று கையில் திணித்தார்கள். தடிமனுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

லாச்சி மறுபடி பாடியது. இந்தமுறை எடுத்தேன். கொழும்பில் இருந்து டொக்டரின் மனைவி.

"அக்கா, பயப்பிடாதேங்கோ, அவர் சுகமா இருக்கிறார்" என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"தெரியும்ங்க. காலையில இருந்து ஆள் மாறி ஆள் எனக்கு அனுதாபம் சொல்றாங்க" என்றார் நிதானமாக. "நாப்பது வருஷமா ஒரு சட்டையக்கூட என்னக் கேக்காமப் போட்டதில்ல. சாவுறதுன்னா எனக்குச் சொல்லாமப் போவாரா?"

அப்போதுதான் பந்தலில் ஒரு அம்மா சரிந்து விழுந்தார். காலையில் கதவடியில் எட்டிப் பார்த்தவர். அழுது அழுது மயக்கம் என்றார்கள். பிரஷர் பார்த்தேன். மிஷின் பழுதோ என்று சந்தேகம் வந்து என் கையில் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி அவருக்குப் பார்த்தேன். மிஷின் பழுதில்லை.

"ரொம்ப நாளா தலை சுத்துதும்மா. கொழுந்துக் காலம் முடியட்டும்னு விட்டுட்டேன்" என்றார் முனகலாக.

நான் பந்தலைச் சுற்றிப் பார்த்தேன். முகாமுக்கு நாங்கள் ஒலிபெருக்கி கட்டி அழைத்த அத்தனை பேரும் கதிரைகளில் வரிசை வரிசையாக இருந்தார்கள். பிரேதம் வரும்வரை எழும்ப மாட்டார்கள்.

மேசையைத் தூக்கிப் பந்தலுக்குள் போடச் சொன்னேன். துக்கத்தில் நெஞ்சடைக்கிற ஆட்கள் எல்லாரும் வந்து காட்டட்டும் என்றேன். அந்தச் சூழ்நிலையில் நெஞ்சடைக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, அது மரியாதையும் இல்லை. வரிசை வீதிவரை நீண்டது. போனில் நான் கேட்டபடி கடுகண்ணாவை டொக்டர் பிரஷர் மிஷினோடும் சீனி நோய் பார்க்கும் மிஷினோடும் லெப்டொப்போடும் வந்து சேர்ந்தார். ஒருகணம் வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, வந்தவர்களைச் சட்டைக் கையை மடிக்கச் சொல்லத் தொடங்கிவிட்டார். ஒருவர் மாறி ஒருவர் கையை நீட்டினார்கள். சீனி உள்ளவர்கள், பிரஷர் உள்ளவர்கள், இரண்டும் உள்ளவர்கள். உப்பைக் குறையுங்கள் என்று நான் சொல்ல, "ஐயாவும் இதத்தானே சொன்னாரு" என்று சொல்லி அழுதார்கள்.

ஓட்டோத் தலைவர் கடைசிவரை மறுத்து, பிறகு மீசையைத் தடவிக்கொண்டு கையை நீட்டிய நேரம் டொக்டரின் கார் வந்து நின்றது.

பன்வில டொக்டர் இறங்கினார். கையில், வழியில் கண்டியில் நின்று கட்டுவித்த பெரிய மலர்வளையம். கண்கள் வீங்கியிருந்தன. பின்னால் மருந்து கட்டும் பெண் தேம்பிக்கொண்டு வந்தாள். அவர் பதாகையைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. வழி விலகி நின்றவர்களின் நடுவால் வந்து, என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"டொக்டரம்மா... நீங்க இருக்கீங்களா?"

"ஓம். நீங்களும் இருக்கிறியள்" என்றேன்.

அந்த நேரம் ஓட்டோத் தலைவரின் கையில் மிஷின் காட்டிய அளவை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

யாரோ கிறீச்சிட்டார்கள். ஓடத் தொடங்கிய இரண்டு பேரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு ஒரு பெண் மெதுவாகக் கிட்டப் போய் டொக்டரின் முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடாத்தான் இருக்காரு" என்று அறிவித்தாள். டொக்டர் அப்போதுதான் பதாகையைப் பார்த்தார். நெடுநேரம் வாசித்தார். ஏதோ பெரிதாகப் பேசப்போகிறார் என்று எல்லாரும் அமைதியானார்கள்.

"இந்தப் படத்த யாருங்க குடுத்தது? பல்லு ஒண்ணு இல்லாதது தெரியுதே" என்றார்.

ஓட்டோத் தலைவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "வேற ஊருக்குப் போறதுன்னா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போக வேணாமாங்க? நாங்க என்னன்னு நெனைக்கிறது?" என்று கத்தினார். கத்தும்போது அழுதார். டொக்டர் அவரைக் கட்டிக்கொண்டார். தப்புக்காரர்கள் இவ்வளவு நேரம் காய்ச்சிய தப்பை அடிக்காமல் போக முடியாது என்று திருவிழா அடி ஒன்றை எடுத்துவிட்டார்கள்.

மலர்வளையத்தை என்னிடமே தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் கணவர் அதை வாசல் கேற்றுக்கு உள்ளே எடுக்க விடவில்லை.

பந்தலில் அகப்பட்டவர்களில் பலர் அடுத்த கிழமைகளில் ஒழுங்காக மருந்துக்கு வந்ததாகப் பன்வில டொக்டர் சொன்னார். மயங்கி விழுந்த அம்மா, ஐயா செத்ததால்தான் நான் பிழைத்தேன் என்று போகிற இடமெல்லாம் சொல்லுகிறாராம். மறுமாதம் ஞாயிறு, இது முகாமைவிட நல்ல வழி, ஆனால் திரும்பச் செய்ய முடியாது என்று செயலாளர் கூட்டக் குறிப்பில் வருத்தத்தோடு எழுதினார். ஆட்கள் எங்களிடம் வராவிட்டால், அவர்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்துக்கு நாங்கள் போவது என்று முடிவெடுத்தோம்.

அப்படித்தான் சமீபத்தில் கெலிஓயாவில் ஒரு கலியாண மண்டபத்து வாசலில், பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் மேசை போட்டு இருந்தோம். மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் பிரஷர் கூடுதலாக இருந்தது. பெண்ணின் தகப்பனுக்கு எல்லாம் சரி. மாப்பிள்ளையின் தகப்பன் தன் அளவைக் கேட்டதும், "சம்பந்திய விட எனக்குக் கூடத்தானே?" என்று சத்தமாகக் கேட்டு, எங்கள் வாயால் உறுதிப்படுத்திக்கொண்டு, பந்தியில் போய் எல்லாருக்கும் சொன்னார். அவருடைய பக்கத்து ஆட்கள் பெருமையோடு கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை நான் டிஸ்பென்சரியைத் திறக்கும்போதே மாப்பிள்ளையின் தகப்பன் வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

"சம்பந்திக்கு என்ன மருந்து குடுத்தீங்க?"

"அவருக்கு மருந்து தேவையில்லை. உங்களுக்குத்தான்."

"அப்படிப் போடுங்க" என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.