வாசல் காவலரின் துப்பாக்கி

தூத்துக்குடியில் கண்ணில் தூசி விழுந்து, ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் டோக்கனோடு நிற்கிறேன். உறுத்தலில் உள்ளே உட்காரப் பொறுக்கவில்லை. வாசல் காவலரின் தோளில் துப்பாக்கி தொங்குகிறது. போன மாதம் யாரோ டாக்டரை அடித்துவிட்டார்களாம், அன்றிலிருந்து இப்படி.

திரேஸ்புரத்து மீனவர்கள் பத்துப் பேர் இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு, அதில் செருகிய வலை அறுக்கும் கத்தியோடு ஓடி வருகிறார்கள். காவலரின் கை துப்பாக்கிக்குப் போகிறது.

"ஏலே, நில்லுங்க! கூட்டமா எங்க போறிய?"

"அண்ணாச்சி, எங்க போட்டுல ஒருத்தன் கை வலை இழுக்குற விஞ்சுல மாட்டிட்டு. ரத்தம் குடுக்க வந்திருக்கோம்." முன்னால் நிற்பவர் எல்லோருடைய கத்தியையும் வாங்கிக் காவலரின் காலடியில் வைக்கிறார்.

"என்ன குரூப்பு?"

"ஓ நெகட்டிவ் கேக்காங்க. எங்கள்ல யாருக்கும் இருக்குமான்னு தெரியல."

காவலர் துப்பாக்கி வாரை இறுக்கிப் பிடிக்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார்.

"எனக்கு அதே குரூப்புதான் சார். இத யார் கையில குடுத்துட்டுப் போக?"