பின்கதவு வெர்னா

வெர்னா தீபோ முன்கதவைத் தட்டவே மாட்டாள். காரை நிறுத்தியதும் நேராகப் பின்பக்கம் போய், சமையலறைக் கதவருகே நின்று, "யாரு உள்ள?" என்று குரல் கொடுப்பாள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் முன்கதவைத் தட்டுகிறவர்கள் வரி அதிகாரிகளும் மதப் பிரசாரகர்களும்தான். அவர்களுக்கு யாரும் காபி தருவதில்லை.

எல்ம் ஆற்றைப் பாதுகாக்கப்பட்ட ஆறாக அறிவிக்கலாமா என்று ஊர் யோசிக்கிறது. அதற்கு முன், கரையில் எந்தத் துண்டு யாருடையது, அதில் என்ன நடக்கிறது என்று வரைபடம் போடவேண்டும். நான்கு வருடமாக அந்த வேலை இவள் தலையில். பழைய பத்திரங்கள் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. "பெரிய பாறையிலேர்ந்து பசு செத்த எடம் வரைக்கும்னு எழுதி வெச்சிருக்கான். அந்தப் பசுவை நான் எங்க போய்த் தேட?" என்று சிரிப்பாள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும் என்பதெல்லாம் அத்துப்படி.

போன வாரம் வரைபடத்தை மளிகைக் கடைச் சுவரில் ஒட்டினாள். அதில் முதிய விவசாயி ஹார்லன் டாட்ரோவின் ஆற்றோரப் புல்வயலுக்கு மேல் 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதியிருந்தது. ஜூன் கடைசியிலும் அறுக்காமல் நின்ற புல்லைச் சாலையிலிருந்தே பார்த்து முடிவு கட்டிவிட்டாள். கிழவருக்குக் கரையில் ஒன்றரை மைல் நிலம். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அவர் ஆதரவாகக் கை தூக்காவிட்டால் பாதி ஊர் தூக்காது. நான்கு வருட உழைப்பும் வீண்.

"சும்மா கெடக்குதா என் நெலம்? இன்னிக்கு இப்படி எழுதுவே, நாளைக்கு சர்க்காரு வந்து எடுத்துக்கும்!" அவள் பின்கதவுக்கு வந்ததும், தன் சமையலறையில் ஹார்லன் குதித்தார்.

"யாரும் எடுக்க முடியாதுண்ணே, சட்டத்துல அதுக்கு எடமே இல்ல. ஆனா ஏன் இன்னும் அறுக்கல?"

"புல்லுக்குள்ள பாபோலிங்க் குருவி குஞ்சு பொரிச்சிருக்கு. அதுங்க பறந்தப்புறம்தான் மெஷினை எறக்குவேன். முப்பது வருஷமா அப்படித்தான். இதுகூடத் தெரியாம என்னத்த அளந்தே?"

வெர்னாவின் முகம் சிவந்துவிட்டது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. "தப்பு என்னுதுதாண்ணே. எறங்கிப் பாத்திருக்கணும்." கையிலிருந்த வரைபட நகலில் அங்கேயே பழையதை அடித்துவிட்டு, 'தீவனப் புல், குருவிகளுக்காகத் தாமத அறுப்பு' என்று எழுதினாள்.

ஹார்லன் இரண்டு முறை படித்தார். "குருவியையும் எழுதிட்டியா? சரி, மார்ச்சுல வரேன்" என்று அவள் கோப்பையில் காபி ஊற்றினார்.

அடுத்து ஆற்றோரத்து எல்லைக்கல்லைப் பார்க்கவேண்டும். வயலுக்குக் குறுக்கே போனால் இரண்டே நிமிடம். தூறல் வலுத்தது. வேலியோரச் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடக்கிறவளைப் பார்த்து, ஹார்லன் ஜன்னலைத் திறந்து கத்தினார்: "குறுக்கால போம்மா, நனைஞ்சிடுவே!"

வெர்னா திரும்பினாள். உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கிவிட்டு, சேற்றிலேயே நடந்தாள்.