பள்ளி மேட்டுச் சுவர்

புதூர்நாட்டுப் பக்கம் மலைமேல் நான் தமிழாசிரியராக இருந்த ஊரில் பள்ளி மேடு என்று ஓர் இடம். அங்கே இடுப்புயரத்துக்கு ஒரு சுவர் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு செங்கல்லும் முழங்கை நீளம். பௌத்தத் துறவிகள் தங்கிய மடம் அது. துறவிகள் தங்கும் இடத்துக்குப் பழந்தமிழில் பள்ளி என்றுதான் பேர். ஊரில் ஒரு மண்டைக்கும் இது உறைக்கவில்லை. சுவர்மேல் புளி காயப்போட்டார்கள், சாய்ந்துகொண்டு சீட்டாடினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழேயிருந்து பைக்கில் வரும் கும்பல் காதலியின் பேரை ஆணியால் கீறிவிட்டுப் போகும். அதிலும் எழுத்துப்பிழை, கர்மம்!

அந்த மலையில் எனக்கென்று இருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான். போன ஐப்பசி மழையில் அது ஒரு பக்கம் சரிந்ததும் தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதினேன். சாதாரணத் தமிழில் எழுதினால் நான் என்ன தமிழாசிரியர்? 'தொன்மைமிகு பள்ளி இடிந்து பாழாகிக் கிடக்கிறது. அருள்கூர்ந்து ஆவன செய்க' என்று எழுதினேன். புத்தர் என்றோ மடம் என்றோ ஒரு வார்த்தை இல்லை. பள்ளி என்றாலே விளங்காதவன் எதற்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறான்?

பரீட்சைத் தாள் திருத்த வாணியம்பாடி போய், பத்து நாள் கழித்துத் திரும்பினேன். மேடு மொட்டையாக இருந்தது. கான்ட்ராக்டர் உத்தரவை நீட்டினார். ஆபத்தான நிலையிலுள்ள பள்ளிக் கட்டடத்தை உடனே இடித்து அகற்றவும்.

"நீங்க எய்தின மனுதான் சார். புள்ளைங்க மேல விழுந்தா இன்னா ஆவறது?"

"யோவ், அது இஸ்கூல் இல்லய்யா! புத்த மடம்!"

"அத்த மனுவுல எய்தியிருக்கலாமே சார்" என்றார்.

அறைந்துவிடலாம் போலிருந்தது. அவரை இல்லை, என்னை.

இடித்த கொத்தனார் உள்ளூர்க்காரர்தான், சீட்டாடும் கூட்டத்தில் ஒருவர். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தார்.

"மொத செங்கல்ல பேக்கறப்பவே கை கூசுச்சு சார். இத்த இடிக்க மாட்டேன்னு உக்காந்துட்டேன். அப்பால மனுவுல உங்க கையெழுத்த காட்னாங்க. வாத்தியாரே சொல்லிட்டாரு, சரியாத்தான் இருக்கும்னு இடிச்சிட்டேன்."