எசென்ஸ் பூசிய அத்தை

நேற்று கடையில், குளிருக்கென்றே வந்த சென்ட் என்று மணிக்கட்டில் அடித்துவிட்டார்கள். வறுத்த முந்திரியும் வெனிலாவுமாக அந்தக் கதகதப்பான வாசம் ஏறியதும், இன்று செல்போன் கடையாகிவிட்ட சிங்காநல்லூர் பேக்கரிக்குள் நினைவில் போய்விட்டேன். மார்கழிக் காலையில் பன் வாங்குகிற சாக்கில் நானும் அத்தையும் அடுப்புச் சூட்டை ஒட்டி நிற்போம், தட்டுத் தட்டாக முந்திரி பிஸ்கட் வெளியே வரும், வாசம் அவள் தாவணியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.

“இதென்ன வாசமுங்க?” என்று அத்தை கேட்டதற்கு, “எசென்ஸுங்க” என்றார் பேக்கரிக்காரர். அவளுக்கு அது சென்ட் என்று கேட்டது. கெஞ்சி ஒரு குப்பியில் வாங்கிவந்து, பெண் பார்க்க வந்த அன்று கழுத்தெல்லாம் பூசிக்கொண்டாள்.

பின்னால் எனக்கு மாமாவானவர் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க அம்மணி, ஊட்டுல கேக்கு செஞ்சிருக்கீங்களா?”

அத்தை தலை நிமிராமல் சொன்னாள்: “இல்லீங்க, நான்தானுங்க.”